மத்தேயு 17-இல் 21-ஆம் வசனம் எங்கே போயிற்று?

#1 வகுப்பாசிரியன்

அன்பானவர்களுக்கு வணக்கம். பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளாக ஞாயிறு வேதபாட வகுப்பு எடுத்துவருகிறேன். போன வாரம் மத்தேயு 17-ஆம் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தோம். சீஷர்களால் சுகமாக்க முடியாமற்போன வலிப்புள்ள பையனை இயேசு சுகமாக்குகிற பகுதி அது. கடுகுவிதை வருகிற 20-ஆம் வசனத்தை ஒரு பையன் முடித்தான். அடுத்து வாசிக்க வேண்டிய பெண் கைப்பேசியில் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைத் திறந்துவைத்திருந்தாள். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயா, எனக்கு 20-க்கு அடுத்து 22 வருகிறது, 21 எங்கே?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் தன் அச்சுப் புத்தகத்திலிருந்து, "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்று வாசித்துக் காட்டினாள்.

பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்த வசனம் இல்லை, மாற்குவில் இதே செய்தி இருக்கிறது, ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் அவசரமாகச் சொல்லி மேலே போகப் பார்த்தேன். அந்தப் பெண் விடவில்லை. "இல்லாத வசனத்துக்காக என் அம்மா ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

வகுப்பு முடிந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். அவளுடைய தம்பிக்கு வலிப்பு நோய். சபையின் மூப்பர்களில் ஒருவர் இந்த வசனத்தைக் காட்டி, பிள்ளைக்கு விடுதலை தாமதமாவதற்குத் தாயின் உபவாசக் குறைவே காரணம் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் வாரத்தில் மூன்று நாள் உண்ணாமல் இருந்துவருகிறார். மாத்திரையை நம்புவதா, கர்த்தரை நம்புவதா என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது.

அந்த வசனத்தின் கதையைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதில் எவ்வளவைப் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். எனக்கென்றே ஒரு கேள்வியும் இருக்கிறது. முழங்காலில் நின்று வாசித்த பக்கத்தில் ஒரு வரி பின்னால் சேர்ந்ததாக இருக்கலாம் என்று அறிந்த பிறகு, அதே பக்கத்தை அதே முழங்காலோடு எப்படி வாசிப்பது?


#2 இரவுப்பணி

சகோதரரே, வசனத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். முதலில் மாத்திரை. நான் மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கிற வலிப்பை அவசர நிலையாகவே நாங்கள் நடத்துகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரையானோர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அந்தக் குடும்பத்தில் யாரிடமாவது இதை இன்றே சொல்லுங்கள். வலிப்பு வரும்போது பையனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் அக்காவுக்குத் தெரிந்திருந்தால்கூடப் போதும்.


#3 வகுப்பாசிரியன்

நன்றி சகோதரி. தகப்பனார் உறுதியாக இருப்பதால் மாத்திரை நிற்கவில்லை. ஆனால் அந்த உறுதியே அவிசுவாசம் என்று பெயர் பெற்றுவிட்டது. நீங்கள் எழுதியதை இன்று மாலையே அவரிடம் சொல்லிவிட்டேன்.


#4 மூலப்பிரதி

வசனத்தின் கதையை என்னால் இயன்றவரை எழுதுகிறேன். கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முழுமையான அல்லது ஏறக்குறைய முழுமையான பிரதிகளில் மிகப் பழையவை இரண்டு, இரண்டுமே 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பது, மற்றொன்று சீனாய் மலையடிவார மடத்தில் இருந்து வெளியே வந்தது. வத்திக்கான் பிரதியில் மத்தேயு 17:21 இல்லை. சீனாய்ப் பிரதியை முதலில் எழுதியவரும் அதை எழுதவில்லை, பின்னால் வந்த திருத்தக்காரர் ஒருவர் சேர்த்திருக்கிறார். சீனாய்ப் பிரதியின் ஏடுகளைப் படமாக இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

வசன எண் துள்ளுவதற்குக் காரணம் மிக எளியது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை இட்டவர் ரொபேர் எஸ்தியேன் என்ற அச்சகத்தார், ஆண்டு 1551. அவர் கையிலிருந்த கிரேக்க மூல வாசகம் 1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்டதன் வழியில் வந்தது. எராஸ்மஸுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பிற்காலப் பிரதிகள், அவற்றில் இந்த வசனம் இருந்தது, ஆகவே அதற்கும் எண் விழுந்தது. பிறகு பழைய பிரதிகளை ஒப்பிட்டவர்கள் வசனத்தை அடிக்குறிப்புக்கு நகர்த்தினார்கள். எண்களை மாற்றினால் உலகமெங்கும் மேற்கோள் காட்டுவதில் குழப்பம் வரும் என்பதால் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைக்க நினைத்தவர்கள் முதலில் எண்ணைத்தான் சரிசெய்திருப்பார்கள்.

இனி, "மாற்குவில் இருக்கிறது" என்று நீங்கள் சொன்ன பதில். மாற்கு 9:29-இல் "ஜெபத்தினால்" என்பது எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது, ஐயமே இல்லை. "உபவாசத்தினாலும்" என்ற சொல் மட்டும் மேற்சொன்ன இரு பிரதிகளிலும் முதல் கையெழுத்தில் இல்லை. இதோடு அப்போஸ்தலர் 10:30-ஐயும் 1 கொரிந்தியர் 7:5-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கொர்நேலியு "நான் உபவாசித்து" என்கிறான், பவுலும் உபவாசத்தையும் ஜெபத்தையும் சேர்த்தே சொல்கிறார். பழைய பிரதிகளில் இந்த இரண்டு இடங்களிலும் ஜெபம் மட்டுமே நிற்கிறது. உபவாசத்தை மிகவும் போற்றிய தலைமுறைகளில், ஜெபம் என்று எழுதும்போதே உபவாசம் என்ற சொல்லும் எழுதுபவரின் கையில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கெட்ட எண்ணத்தோடு யாரும் சேர்த்திருக்க வேண்டியதில்லை. மனப்பாடமான தொடரை நாமும் இப்படித்தான் முடித்துவிடுகிறோம்.

ஆகவே அந்த மூப்பர் காட்டிய வசனம் மத்தேயு எழுதியதல்ல என்பது என் துணிபு.


#5 பூர்வபாதை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மேலே எழுதிய சகோதரரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டியிருக்கிறார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆதித் திருச்சபையின் வேத அறிஞரான ஓரிகேன் 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் மத்தேயுவுக்கு எழுதிய விளக்கவுரையில் இந்த வசனத்தை எடுத்து விளக்குகிறார். அதாவது, வத்திக்கான் பிரதியும் சீனாய்ப் பிரதியும் எழுதப்படுவதற்கு முன்பே இந்த வசனம் மத்தேயுவில் வாசிக்கப்பட்டிருக்கிறது. மாற்கு 9:29-ஐப் பொறுத்தவரை, 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாபிரஸ் (நாணல்தாள்) பிரதி சிதைந்து கிடந்தாலும், அந்த இடத்தில் உபவாசம் என்ற சொல் இருந்திருப்பதாகவே அதைப் படித்தவர்கள் கொள்கிறார்கள். இவற்றுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் நிற்கின்றன. இரண்டு பழைய பிரதிகள் ஒத்துப்போவதனாலேயே மற்ற அனைத்தையும் ஒதுக்கிவிட வேண்டும் என்ற விதியை யார் வகுத்தது?

என் கவலை ஒரு வசனத்தைப் பற்றியதும் அல்ல. பதினாறு வயதுப் பிள்ளையிடம் "இந்த வரி பின்னால் வந்தது" என்று சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அவள் அன்று இரவு சங்கீதம் 23-ஐத் திறக்கும்போது "இது எப்போது வந்தது?" என்று கேட்பாள், அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இந்தப் பழைய மொழிபெயர்ப்பை மார்பின்மேல் வைத்துக்கொண்டு என் தாயார் கண்ணை மூடினார்கள். அதில் அடிக்குறிப்பு கிடையாது.

அந்தத் தாயைக் குற்றஞ்சாட்டிய மூப்பர் தவறு செய்தார் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அவர் தவறு செய்ததற்காக வசனத்தைத் தண்டிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.


#6 வாசற்படி

நான் இங்கே பெரும்பாலும் வாசிக்க மட்டுமே வருகிறேன். #5-ஐப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதாகும்வரை அடிக்குறிப்பு என்ற ஒன்றை யாரும் காட்டியதில்லை. ஒருநாள் இரவு, கேலி செய்வதையே தொழிலாக வைத்திருந்த ஒருவரின் காணொளியில்தான் மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் அந்த இரு பழைய பிரதிகளிலும் இல்லை என்பதையும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய பிரதிகளில் காணப்படவில்லை என்பதையும் அறிந்தேன். அந்த இரண்டு செய்திகளும் என்னை வீழ்த்தவில்லை. எனக்கு வேதம் சொல்லித்தந்தவர்களுக்கு இது முன்பே தெரியும் என்பதுதான் வீழ்த்தியது. இறையியல் படித்து வந்த எங்கள் போதகரிடம் போய்க் கேட்டேன். "தெரியும், ஆனால் விசுவாசிகளுக்கு அது எதற்கு?" என்றார். அன்றைக்கு எழுந்து போனவன், ஏழு ஆண்டுகள் எந்த ஆலயத்துக்குள்ளும் நுழையவில்லை.

பூர்வபாதை ஐயா, நீங்கள் சொல்லும் அந்த இரவு எப்படியும் வரும். அவளுக்கு அது முதலில் யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும்.

இப்போது திரும்பி வந்திருக்கிறேன், முழுமையாக உள்ளே அல்ல. என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.


#7 மெழுகுவத்தி

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள் என்பதால் என் சொற்கள் சற்று வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திருவிவிலியத்தில் 21-ஆம் வசனம் இல்லாமலே நாங்கள் வாசித்துப் பழகியிருக்கிறோம். அதனால் எங்கள் தவக்காலம் குறைந்துவிடவில்லை. உண்ணா நோன்பு அந்த ஒரு வரியின்மேல் நிற்கவுமில்லை. மலைப்பொழிவில் ஆண்டவர் "நீங்கள் நோன்பு இருக்கும்போது" என்றுதான் தொடங்குகிறார். அந்தியோக்கியாவில் பர்னபாவையும் பவுலையும் அனுப்பியவர்கள் நோன்பிருந்தே அனுப்பினார்கள், அந்த இடத்தில் எந்தப் பிரதிச் சிக்கலும் இல்லை. ஆகவே நோன்பைக் காப்பாற்றுவதற்காக இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

#1-இல் கேட்கப்பட்ட கடைசிக் கேள்விக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2-ஆம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி, முரண்களை நீக்கி, ஒரே தொடர்கதையாக ஆக்கினார். சிரியத் திருச்சபைகளில் அதைத்தான் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். 5-ஆம் நூற்றாண்டில் ஆயர் தியோதொரேத்து தம் மறைமாவட்டத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, தனித்தனி நான்கு நற்செய்திகளை வைத்தார். யூதாசு நான்றுகொண்டு இறந்ததாக மத்தேயுவும், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்து இறந்ததாகத் திருத்தூதர் பணிகளும் சொல்வது அவர்களுக்குத் தெரியாதா? கோவிலைத் தூய்மைப்படுத்தியதை யோவான் தொடக்கத்திலும் மற்ற மூவர் இறுதியிலும் வைத்திருப்பது தெரியாதா? மேடுபள்ளம் இல்லாத ஒரு புத்தகம் கையிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு, மேடுபள்ளமானதைத் தேர்ந்துகொண்டார்கள். எனக்கு ஐயம் வரும் நாள்களில் இந்தச் செய்தி ஏனோ ஆறுதல் தருகிறது. என்னைவிட அறிவும் பக்தியும் உள்ளவர்கள் இதே பக்கங்களைக் கண் திறந்தபடியே பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

புனித அகுஸ்தீனும் எரோணிமுக்கு எழுதிய மடல் ஒன்றில், உண்மைக்கு மாறாகத் தோன்றும் ஒன்றை மறைநூலில் கண்டால், பிரதி பிழையாக இருக்கலாம், மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது தமக்கே புரியாமல் போயிருக்கலாம் என்று கொள்வதாகச் சொல்கிறார். பிரதி பிழையாக இருக்கலாம் என்பது அவர் பட்டியலிலேயே இருக்கிறது பாருங்கள்.


#8 மூலப்பிரதி

பூர்வபாதை அவர்கள் சொன்ன ஓரிகேன் சான்று உண்மை. அதை நான் விட்டது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாபிரஸ் பற்றிச் சொன்னதும் சரியே. மத்தேயு 17:21-ஐ விட மாற்கு 9:29 கடினமான வழக்கு. ஆனால் எழுத்தர்களின் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். இருந்த சொல்லை நீக்கும் அளவுக்கு உபவாசத்தை வெறுத்த ஒரு காலம் ஆதித் திருச்சபையில் எங்கே இருந்தது? தவிரவும் மாற்கு 2:19-இல், மணவாளன் தங்களோடிருக்கையில் மணவாளனுடைய தோழர்கள் உபவாசிப்பார்களா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். ஏழு அதிகாரம் கழித்து, உபவாசிக்காததால் உங்களால் கூடவில்லை என்று அதே சீஷர்களைக் கடிந்துகொள்வாரா? இந்த உள்முரணே என்னை முடிவு எடுக்கவைக்கிறது.

#1-இல் எழுதிய சகோதரருக்கு இன்னொரு தகவல். மாற்கு 9-இல் அந்தப் பையனின் தகப்பன் பேசுகிற இடத்தில், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடே சத்தமிட்டுச் சொன்னான்" என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறதல்லவா, அந்தக் "கண்ணீரோடே" என்பதும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. யாரோ ஒரு எழுத்தர், அந்தத் தகப்பன் அழுதிருப்பான் என்று உணர்ந்து எழுதியிருக்க வேண்டும். பாடத் திருத்தம் என்ற முறையில் அது சேர்க்கை. ஆனால் அந்த எழுத்தருக்கு வலிப்பு வந்த ஒரு பிள்ளை இருந்திருக்குமோ என்று நான் சில நேரம் நினைத்ததுண்டு. சான்று எதுவும் கிடையாது, வெறும் நினைப்புதான்.


#9 பூர்வபாதை

மணவாளன் வாதம் கூர்மையானது. அதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆனால் மாற்கு 9:23-ஐ என்ன செய்வீர்கள்? "நீ விசுவாசிக்கக்கூடுமானால் ஆகும், விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்" என்று இயேசு தகப்பனைப் பார்த்தே சொல்கிறார். அதற்கும் பிரதிவேறுபாடு காட்டி, "கூடுமானால் என்றா சொல்கிறாய்?" என்று அவன் சொல்லையே திருப்பிக் கேட்டார் என்பீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வசனத்தின் பின்பாதி எல்லாப் பிரதியிலும் இருக்கிறதே. நாசரேத்தில் அவர்களுடைய அவிசுவாசத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டதும் இருக்கிறது. பெற்றோரின் விசுவாசத்துக்கும் பிள்ளையின் சுகத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வேதம் இடம் கொடுக்கவில்லை. அந்த மூப்பரின் கடுமையை நான் ஏற்கவில்லை, ஆனால் அவர் கையில் பிடித்திருந்த நூல் முழுவதும் கற்பனையல்ல.


#10 இரவுப்பணி

எனக்குக் கிரேக்கம் தெரியாது. இந்த இரண்டு நாளும் இடைவேளையில் மாற்கு 9:14 முதல் 29 வரை பழைய மொழிபெயர்ப்பிலேயே, உபவாசத்தையும் கண்ணீரையும் எதையும் நீக்காமல், ஏழெட்டு முறை வாசித்தேன். பூர்வபாதை ஐயாவுக்கு உகந்த பாடத்திலேயே நின்று சொல்கிறேன்.

இயேசு அந்தப் பையனைக் கண்டதும் தகப்பனிடம் கேட்கிற முதல் கேள்வி, இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்பது. வலிப்போடு ஒரு பிள்ளை வந்தால் நாங்களும் அதைத்தான் கேட்போம். தகப்பன், சிறுவயது முதலே என்கிறான், தீயிலும் தண்ணீரிலும் தள்ளிற்று என்கிறான். அந்த மனிதனுக்குப் பேச இடம் கொடுக்கிறார். அவன் பாதி நம்பிக்கையோடு "கூடுமானால்" என்கிறான். அதற்காக ஒரு வார்த்தை கடிந்துகொள்கிறார், உண்மைதான். அதன் பிறகு அவன் என்ன செய்தான்? நம்பிக்கையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. போய் உபவாசித்துவிட்டு மறுவாரம் வரவில்லை. என்னிடம் அவிசுவாசம் இருக்கிறது, அதற்கும் சேர்த்து உதவும் என்றான். அந்த நிலையிலேயே பிள்ளை சுகம் பெற்றான். 23-ஆம் வசனம் கேட்ட விசுவாசத்தின் அளவு எவ்வளவு என்பது 24-ஆம் வசனத்தில் தெரிந்துவிடுகிறது. அதில் பாதி அவிசுவாசம்.

இப்போது 28-ஆம் வசனம். வீட்டுக்குள் போன பிறகு சீஷர்கள் தனித்துக் கேட்கிறார்கள், எங்களால் ஏன் கூடவில்லை என்று. ஜெபம், உபவாசம் என்கிற பதில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தகப்பன் அந்த அறையிலேயே இல்லை. அவன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருப்பான். மத்தேயுவிலும் "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்றது சீஷர்களைப் பார்த்துத்தான். சுகமாக்கப் போய்ச் சுகமாக்க முடியாமல் நின்றவர்களுக்குச் சொன்னதை, பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தவள்மேல் யார் இறக்கிவைத்தது?

யாக்கோபு 5:14-ஐயும் அதே கண்ணோடு பார்த்தேன். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைப்பானாக, அவர்கள் ஜெபம்பண்ணக்கடவர்கள். விசுவாசமுள்ள ஜெபம் அங்கே மூப்பர்களுடைய கடமை. திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கியபோது, "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார், அவர்கள் என்றால் சுமந்து வந்தவர்கள்.

இதை மீறியும் சுகம் வராமல் போகும். நான் தினமும் பார்க்கிறேன். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுலே எழுதுகிறார், காரணம் ஒன்றும் சொல்லவில்லை, அவனைக் குறையும் சொல்லவில்லை. வயிற்றுக் கோளாறுள்ள தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். மருந்து கொடுத்துவிட்டு ஜெபிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.


#11 வாசற்படி

சகோதரி, நான் படித்த ஆராய்ச்சி நூல் ஒன்றிலும் "தகப்பன் அந்த அறையில் இல்லை" என்ற வரி இல்லை.


#12 மூலப்பிரதி

எனக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொல் இருந்ததா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவன், அது யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்க்கத் தவறிவிட்டேன். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். இந்த வாசிப்பைக் கொண்டு அந்த மூப்பரைச் சபைக்கு முன்னால் மடக்க யாரும் கிளம்ப வேண்டாம். அவரும் சீஷர்களைப் போலத் தம்மால் கூடாமற்போன ஓரிடத்தில் நின்று காரணம் தேடியிருக்கலாம்.


#13 வகுப்பாசிரியன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிறு வகுப்பில் மாற்கு 9-ஐ இரண்டு மொழிபெயர்ப்பிலும் தாளில் அருகருகே அச்சிட்டுக் கொடுத்தேன். வேறுபடும் சொற்களைப் பிள்ளைகளே பென்சிலால் வட்டமிட்டார்கள். கண்ணீர், உபவாசம், 23-ஆம் வசனத்தின் முன்பாதி, மூன்றையும் நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பையன், "அப்படியென்றால் எதைத்தான் நம்புவது?" என்று, பூர்வபாதை ஐயா சொன்ன அதே கேள்வியைக் கேட்டான். வட்டமிட்டதை எல்லாம் விட்டுவிட்டு மீதியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். தகப்பன் வந்தான், உதவி கேட்டான், இயேசு பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்தான். எதுவும் குறையவில்லை என்று அவனே சொன்னான். சவக்கடல் அருகே 1947 தொடங்கிக் கிடைத்த சுருள்களில் ஏசாயாவின் முழுச் சுருள் ஒன்று இருப்பதையும், அதற்கு முன் நம் கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட அது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது என்பதையும், எழுத்துவேறுபாடுகள் பல இருந்தும் அது நாம் வாசிக்கிற ஏசாயாவே என்பதையும் சொன்னேன். மாற்கு 16-ஐயும் யோவான் 8-ஐயும் அடுத்தடுத்த வாரங்களில் நாங்களே எடுத்துவிடப் போகிறோம். காணொளிக்கு விட்டுவைக்கப் போவதில்லை.

பிறகு, இது யாருக்குச் சொல்லப்பட்டது என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் 28-ஆம் வசனத்தின் கீழ்க் கோடு போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். தாளை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். மூப்பரைத் தனியாகச் சந்தித்தேன். பொறுமையாகக் கேட்டார், ஏற்கவில்லை, பழைய வேதாகமத்தில் உள்ளதை மாற்ற நான் யார் என்று கேட்டார். பையனுக்குப் போன புதன்கிழமை மறுபடியும் வலிப்பு வந்தது, மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். தாய் உபவாசத்தை விட்டுவிடவில்லை. ஆனால் மகள் கொண்டுவந்த தாளைச் சமையலறையில் வைத்து இருமுறை வாசித்ததாகவும், "அவர் அறைக்குள் இல்லையா?" என்று தன்னிடம் கேட்டதாகவும் அந்தப் பெண் சொன்னாள்.

என் முழங்கால் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது, "கண்ணீரோடே" என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். அது மாற்கு எழுதியதல்ல என்று தெரிந்தே நிற்கிறேன்.


#14 பூர்வபாதை

சகோதரரே, இந்த இரண்டு வாரமும் நான் மௌனமாக இருந்ததற்குக் கோபம் காரணமல்ல. சகோதரி எழுதிய #10-ஐ என் பழைய வேதாகமத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு எழுத்தும் நீக்காமலே அவர்கள் சொன்னது நிற்கிறது. 21-ஆம் வசனம் மத்தேயு எழுதியது என்றே நான் இன்றும் நம்புகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அது எழுதப்பட்டிருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டு ஜெபக்குழு நடத்தியவன் நான். பிள்ளைகளைச் சுமந்துகொண்டு வந்த எத்தனை பேரிடம் "நீங்கள் உபவாசியுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்தத் தாய் வாரத்தில் எந்த மூன்று நாள் உபவாசிக்கிறார் என்று விசாரித்து எழுத முடியுமா? அந்த மூன்று நாளும் அவருக்குப் பதிலாக நான் இருக்கிறேன். அவர் சாப்பிடட்டும். என் பெயரைச் சொல்ல வேண்டாம், உபவாசம் மனுஷர் காணாதபடி இருக்கட்டும் என்கிற மத்தேயு 6:18-ஐ இங்கே எழுதியதிலேயே மீறிவிட்டேன்.


#15 வகுப்பாசிரியன்

திங்கள், புதன், வெள்ளி. யார் என்று சொல்லாமல், ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடுகிறேன் ஐயா.


#16 இரவுப்பணி

ஐயா, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். புதன்கிழமையை நான் எடுத்துக்கொள்கிறேன்.